முதுகால் தரை பார்த்த மாமி

கல்முனைப் பிரதான வீதியில் இருந்த அந்த டைல்ஸ் கடைக்குள் மாமி நுழைந்தால் முதலில் மின்விசிறிகள் நிற்கும். பிறகு விளக்குகள் அணையும். முதலாளி தானாகவே எழுந்துபோய்ச் சுவிச்சுகளைத் தட்டிவிட்டு, உள்ளே நிற்கிற ஆண்களைத் தேநீர் குடித்துவரச் சொல்லி அனுப்பிவிட்டு, வாசலில் தெருவைப் பார்த்தபடி காவல் நிற்பார். புதிதாக யாராவது வந்தால் கையை விரித்து மறிப்பார்.

"கொஞ்சம் பொறுங்க காக்கா. உள்ளுக்கு ராத்தா கிடக்கா."

உள்ளே மாமி உண்மையாகவே கிடப்பார். மாதிரிக்குப் பதித்துவைத்த தரைகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, அபாயாவைக் கணுக்கால்வரை இழுத்துச் சரிசெய்து, "பிஸ்மில்லாஹ்" என்று மல்லாந்து படுத்து, முக்காட்டின் ஓரத்தால் முகத்தை மூடிக்கொள்வார். தெருவிலிருந்து தெறித்து வரும் வெயிலும், பஸ்காரர்களின் ஹோர்ன் சத்தமும், பக்கத்துக் கருவாட்டுக் கடையின் வாசமும் அவர்மேல் வந்து விழும். அவர் அசையமாட்டார்.

எனக்கு வீடு கட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் நான் முதன்முதலாக இதைப் பார்த்தேன். உம்மாவும் நானும் மாமியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். படுத்தவர் எழும்பவில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

"மாமி, என்ன சுகமில்லயா?"

முக்காட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "சும்மா இரி புள்ள. நிலம் கதைக்கிது."

நிலம் என்ன கதைத்ததோ தெரியாது. சற்றுக் கழிந்து எழும்பி, இடுப்பில் ஒரு கையை ஊன்றி, அடுத்த தரைக்கு நகர்ந்தார். அதற்கடுத்த தரைக்கும். நாலாவதோ ஐந்தாவதோ தரையில் முக்காடு மெல்ல ஏறி இறங்கத் தொடங்கியது. ஒரு சின்னக் குறட்டை, பூனைக்குட்டியினது போல. உம்மா என் கையைப் பிடித்தார். "முடிஞ்சிது. இதுதான் ஒன்ட நிலம்."

இருபது வருடத்துக்குக் கிட்ட ஆகப்போகிறது. நான் இன்றும் அந்தத் தரையில்தான் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தலையணை இல்லாமல் கிடக்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில், அந்தச் சந்து முழுக்க, எல்லோருக்கும் அவர் மாமி. பெயரை எழுதினால் யாரது என்று எங்கள் ஊரிலேயே கேட்பார்கள். கட்டையான உருவம். நடந்தால் காற்றில் தள்ளப்படும் தோணிபோல் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார். கடைக்குப் போனால் கண்களை நம்பமாட்டார். அதுதான் அவருடைய முழுச் சாத்திரமும்.

"கட லைட்டுக்குக் கீழ எல்லாரும் மாப்பிள்ளதான்," என்பார். "கண்ணு லேசில மயங்கிரும். முதுகு மயங்காது. நிலம் என்னத்துக்கு? பாக்கிறதுக்கா? கிடக்கிறதுக்கு."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும். சரியாகச் சொன்னால், பெண் வீட்டோடு இருப்பாள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். மகள் பிறந்த கையோடு வாப்பாமார் கல்லையும் மண்ணையும் நினைக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரு போக நெல்லுக்கு அத்திவாரம், அடுத்த போகத்துக்குச் சுவர், வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பினால் கூரை. கடைசியில் தரையும் நிறமும் திரைச்சீலையும் வரும்போது வீட்டுக்காரர் களைத்துப்போயிருப்பார்கள். பெண் மட்டும் களைக்காமல் இருப்பாள். இத்தனை காலமும் அவள் மனதுக்குள் அதைத்தானே விரித்துக்கொண்டும் தொங்கவிட்டுக்கொண்டும் இருந்தாள். அந்த இடத்தில்தான் மாமியை அழைத்துவர ஆள் போகும்.

ஆனால் மாமிக்குப் பிறந்ததெல்லாம் ஆண்கள். மனைவிமாரின் வீடுகளுக்குப் போகப் பிறந்தவர்கள். அவர்களுக்காக அவர் ஒரு டைல்ஸ்கூட வாங்கவேண்டியதில்லை. அவர் இருந்தது அவருடைய வாப்பா கட்டிக்கொடுத்த வீட்டில், சிவப்புச் சீமெந்துத் தரையில்.

"பொம்புளப் புள்ள இல்லாதவக்கு என்னத்துக்கு மச்சி டைல்ஸ் கட?" என்று உம்மா ஒருநாள் பகிடிக்குக் கேட்டார்.

"ஆருக்கு இல்ல? மருதமுனையில இருந்து சாய்ந்தமருது மட்டும் எல்லாம் என்ட பொம்புளப் புள்ளையள்தான். பெத்தது வேற ஆக்கள், அவ்வளவுதான்."

சுவர் விடயத்தில் முறை வேறு. எங்கள் ஒழுங்கையின் முனையில் ஒரு டீச்சர் வீடு கட்டினார். சாலைக்கு, அதுதான் வீட்டின் முன்கூடத்துக்கு, ரோஜாப்பூ நிறம்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். மாமி மறுக்கவில்லை. ஒரு கதவளவுக்கு அந்த நிறத்தைப் பூசச் சொன்னார். பிறகு டீச்சரிடம், "பகல் நித்திரையால எழும்பின உடன, மூஞ்சி கழுவாம, மெக்சியோட இதுக்கு முன்னால வந்து நில்லுங்க. நான் வாறன்," என்றார். டீச்சரும் அப்படியே வந்து நின்றார், கன்னத்தில் பாயின் அச்சோடு. மாமி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

"வேணா."

"ஏன் மாமி?"

"செவரு ஒங்களவிட வடிவா இரிக்கி. வீட்டுக்காரியவிடச் செவரு வடிவா இரிக்கப்படா."

டீச்சர் கொஞ்சக் காலம் மாமியோடு கதைக்கவில்லை. ஆனால் பெயின்ட் வாளி கடைக்குத் திரும்பிப் போனது. கடைசியில் நோன்புக் கஞ்சியின் நிறத்தில் ஒரு சாந்தமான சுவர் எழுந்தது. அதன்முன் எந்த நேரம் வந்து நின்றாலும் டீச்சர் சற்று முன்தான் குளித்தவர்போல் தெரிந்தார். அவருடைய கணவர் அதற்குப் பிறகு பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் மாமியின் வீட்டைப் பார்த்து, தேவையில்லாமல், பணிவோடு ஒருமுறை தலையசைத்துவிட்டுப் போவார்.

திரைச்சீலைக்கு வந்தால் மாமி காற்றை அழைப்பார். நான் எனக்காகக் கொழும்பிலிருந்து வந்த ஒன்றைப் பார்த்துவைத்திருந்தேன். இரண்டு அடுக்கு, ஓரமெல்லாம் சுருக்கு, சாம்பலும் பொன்னும் கலந்த பாரம். மாமி அதைக் கடையில் இரவலாக வாங்கிவந்து என் ஜன்னலில் தொங்கவிட்டார். பக்கத்து ஜன்னலில் தன் பழைய வொயில் சேலையொன்றைக் கட்டினார். இரண்டுக்கும் நடுவில் என்னை இருத்தினார்.

"என்ன செய்யிற மாமி?"

"இரி. ஆள் வரட்டும்."

ஆள் வந்தது. பின்னேரக் கடற்காற்று, தென்னைகளை உசுப்பிக்கொண்டு. வொயில் சேலை அறையின் நடுமட்டும் எழும்பிவந்து என் முகத்தைத் தொட்டுவிட்டுப் போனது. மறுபடியும் வந்தது. மறுபடியும் போனது. மற்ற ஜன்னலில் சாம்பலும் பொன்னும் அப்படியே நின்றது, கடன்காரன் வாசலில் நிற்பதுபோல்.

"பாத்தியா," என்றார் மாமி. "ஒண்டு கடல வீட்டுக்க கூட்டிவருது. மத்தது கடல வெளியில நிப்பாட்டி அடையாள அட்ட கேக்குது. ஒனக்கு எது வேணும்?"

மாமி ஒரு தரையையோ சுவரையோ புகழ்ந்து நான் கேட்டதில்லை. பிடித்துவிட்டால் அவர் தூங்கிவிடுவார். பிடிக்காவிட்டால்தான் புகழ்வார். "நல்லா இரிக்கி." இந்த இரண்டு சொற்களுக்கு எங்கள் ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் பயந்தார்கள்.

ஒருமுறை அரிசி ஆலை முதலாளியின் மனைவி, மகளுக்குக் கட்டி முடித்த மாளிகையைக் காட்ட மாமியைக் காரில் கூட்டிப்போனார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். மாபிள் மண்டபம், நடந்தால் நம் கால் நமக்குக் கீழே தலைகீழாக நடந்துவந்தது. "நல்லா இரிக்கி," என்றார் மாமி. பளபளக்கும் தாள் ஒட்டிய சுவர். "நல்லா இரிக்கி." கயிறும் குஞ்சமும் தொங்கும் பட்டுத்திரை. "மாஷா அல்லாஹ், நல்லா இரிக்கி." முதலாளியின் மனைவிக்கு முகம் மலர்ந்து மலர்ந்து வந்தது. தேநீர் கொண்டுவந்தபோது மாமியைக் காணவில்லை. மாடியிலும் மேல்தட்டிலும் தேடி, கடைசியில் காரை விடும் கொட்டிலில் கண்டுபிடித்தோம். வெறும் சீமெந்தில், ஒரு பழைய டயரில் தலையைச் சாய்த்து, அயர்ந்த நித்திரை. நாலு பக்கமும் காற்று.

முதலாளியின் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, நான் எதிர்பார்க்கவில்லை, அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "இஞ்ச நல்ல காத்துத்தான்," என்றார் மெல்ல. அந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் இப்போது பின்னேரங்களில் அந்தக் கொட்டிலில்தான் இருக்கிறார்கள். கார் மாமரத்தின் கீழே நிற்கிறது.

இப்போது மாமி இல்லை. டைல்ஸ் கடை இரண்டு மாடியாகிவிட்டது. ஆனால் கீழ்த்தட்டு உள்ளறையின் மூலையில் ஒரு சின்னத் தலையணை உறைபோட்டு வைத்திருக்கிறார்கள். பெண்கள் வந்து அதைக் கேட்டால் கடை முதலாளியின் மகன் விளக்கை அணைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறான்.

இவ்வளவும் சொன்னது ஒரு கதைக்காக. மாமியின் வாய் கட்டப்பட்ட கதை அது.

மாமியின் கடைசி மகனுக்கு என் தங்கச்சியைக் கேட்டு வந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கையும் ஒரு வேலியும்தான். சின்ன வயதிலிருந்தே மாமியின் சிவப்புத் தரையில் கிடந்து வளர்ந்தவள் தங்கச்சி. பேச்சு முடிந்த அன்று அவள் தன் ராத்தாவான என் காதுக்குள் சொன்ன முதல் வார்த்தை மாப்பிள்ளையைப் பற்றியதல்ல.

"ராத்தா, இனி மாமி என்ட வீட்டு நிலத்தப் பாப்பாதானே?"

அங்கேதான் சிக்கல். ஊருக்கெல்லாம் பார்த்தவர் இந்த ஒரு வீட்டுக்குப் பார்க்க முடியாது. இப்போது அவர் மாப்பிள்ளையின் உம்மா. மாப்பிள்ளையின் உம்மா பெண் வீட்டில் ஒரு நிறத்தைச் சொன்னாலும் அது ஆசை என்று நிற்காது, கேட்டு வாங்குவதாகிவிடும், சீதனமாகிவிடும். "இந்த டைல்ஸ் வேணா, அது வேணும்" என்று ஒரு சொல் விழுந்தால், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஊர் அதற்குக் கைகால் வைத்துவிடும். அதனால் எங்கள் வீட்டோடு ஒட்டித் தங்கச்சிக்கு வீடு எழும்பிய பக்கமே மாமி திரும்பவில்லை. டைல்ஸ் கடைப் பக்கம் போவதைக்கூட நிறுத்திவிட்டார்.

வாப்பா வேறு கணக்குப் போட்டார். ஊரிலேயே தரை பார்க்கத் தெரிந்த மனிசி சம்மந்தியாக வருகிறார். அவருக்கு முன்னால் குறை வைக்கலாமா? யாரிடமும் கேட்காமல் தானே கடைக்குப் போனார். எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்த கடைக்கு. கண்ணாடிபோல் மினுங்கும் வெள்ளை டைல்ஸ் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. கூடவே இரத்தச்சிவப்பில் வெல்வெட் திரைகள், பொன்குஞ்சத்தோடு. எங்கள் வாப்பா, வாழ்நாளெல்லாம் நற்பிட்டிமுனை வயலில் வரம்பு மிதித்த மனிசன், அந்தக் குஞ்சத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற நிலை இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

"எப்பிடி?" என்றார்.

தங்கச்சி குஞ்சத்தைத் தொட்டுத் தலையாட்டினாள். வாப்பாவின் முகத்தைப் பார்த்தபிறகு வேறென்ன செய்வாள்?

சாலைக்குப் பதித்து முடிந்த கிழமை மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வீடு பார்க்க வந்தார்கள். மாமி முன்வாசலால் வந்தார். புதுச் சேலை, வாசம், கையில் வட்டிலாப்பம். கதிரையில் நேராக இருந்தார். அவர் கதிரையில் நேராக இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. சேர்பத்தைக் குடித்தார். வெள்ளைத் தரையைப் பார்த்தார். தரைக்குள்ளிருந்து இன்னொரு மாமி அவரை அண்ணாந்து பார்த்தார்.

"நல்லா இரிக்கி," என்றார்.

வாப்பாவின் நெஞ்சு நிமிர்ந்தது. வெல்வெட்டைக் காட்டினார்.

"மாஷா அல்லாஹ். நல்லா இரிக்கி."

உள்ளே குசினியில் தட்டொன்று விழும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தங்கச்சி சுவரோடு சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"ரெண்டு தரம் செல்லிட்டா ராத்தா."

"மரியாதைக்குச் செல்லியிருப்பா."

"மாமிட மரியாத எனக்குத் தெரியாதா? இனி இந்த வீட்டில அவ ஒரு நாளும் கிடக்க மாட்டா. கதிரையிலதான் இரிப்பா. சாகுமட்டும் விருந்தாளி மாதிரி வந்து போவா." கண்ணைத் துடைத்தாள். "எனக்கு மாமியாரா வேணும்? எனக்கு மாமி வேணும்."

மறுநாள் நான் ஒழுங்கையைக் கடந்து போனேன். மாமி தன் சிவப்புத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். நானும் பக்கத்தில் கிடந்தேன். அந்தத் தரையில் கதிரை போட்டுப் பேசும் வழக்கமில்லை.

"மாமி, அவள் அழுறாள்."

"கேட்டிச்சி. தட்டு விழக்கயே வெளங்கிட்டு."

"மணவறைக்கு இன்னும் டைல்ஸ் பதிக்கல. பெட்டி பிரிக்காமத்தான் கிடக்கு. இப்ப ஒரு சொல் செல்லினா வாப்பா மாத்திருவாரு."

"நான் வாயத் துறந்தா அது சொல்லா இரிக்காது புள்ள, சீதனமாப் போயிரும். மாப்பிள்ளட உம்மா பதிச்ச டைல்ஸக் கழட்ட வெச்சா எண்டு கதைக்க இந்த ஊருக்கு எவ்வளவு நேரம் வேணும்? நாளைக்கு என்ட மகன் அந்த வீட்டில எந்த மூஞ்சியோட சோறு தின்பான்?" கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முன்வாசலால வந்தா நான் சம்மந்தி. சம்மந்தி கதிரையில இரிப்பா, சேர்பத்துக் குடிப்பா, நல்லா இரிக்கி எண்டு செல்லுவா. வேற என்ன செய்யேலும்?"

எங்கள் இருவருக்கும் கீழே தரை குளிர்ந்துகொண்டிருந்தது. நான் எழும்பிப் புறப்படும்போது, முக்காட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"புள்ள, ஒங்கட பின்கடப்புக் கதவு இன்னும் பூட்டேலாமத்தான் கிடக்கா?"

"ஓம் மாமி. கொளுக்கி உடஞ்சு கிடக்கு."

"ம்."

அவ்வளவுதான்.

அடுத்த நாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, ஊர் கண் மூடும் நேரம், எங்கள் பின்வேலிக் கடப்புக் கதவு கிறீச்சிட்டது. பழைய மெக்சி, தலையில் நூல் துவாய், கையில் மூடிய கறிச்சட்டி. பக்கத்து வீட்டுக்காரி. வாழைகளுக்கு நடுவால், கோழிகளை விலத்திக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தார்.

"மச்சி," என்று உம்மாவைக் கூப்பிட்டார், இத்தனை வருடமும் கூப்பிட்ட அதே குரலில். "நண்டுக்கறி காச்சின. கொஞ்சம் கொண்டுவந்த."

உம்மா அகப்பையோடு திகைத்து நின்றார். மாமி நிற்கவில்லை. கறியை அடுப்படியில் வைத்துவிட்டு, புதுவீட்டின் குசினி வாசலால் நுழைந்து, நேராக மணமக்களுக்கான மணவறைக்குப் போனார். வீரமுனையிலிருந்து வரும், டைல்ஸ் பதிக்கிற பாஸ் அங்கே வெள்ளை டைல்ஸில் கொஞ்சத்தைச் சாந்து பூசாமல் அளவுக்குப் பரப்பிவைத்திருந்தார். மாமியைக் கண்டதும் மட்டக்கோலைக் கீழே வைத்தார். ஊரில் பாதி வீட்டுக்குத் தரை போட்டவர். அவருக்கு இது பழக்கம்.

"அம்மா வந்தாச்சு. அப்ப நான் போய்ச் சாப்பிட்டு வாறன்."

மாமி படுத்தார். நான், உம்மா, தங்கச்சி மூவரும் கதவடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முகத்தில் இழுத்துவிட்ட துவாய் ஏறி இறங்கவில்லை. ஒரு பக்கம் திரும்பினார். மறுபக்கம் திரும்பினார். எழும்பி உட்கார்ந்து, குதிங்காலில் ஒட்டியிருந்த கடல்மணலை விரலால் தட்டினார். வெள்ளைத் தரையில் அந்த நாலைந்து மணிகளும் எறும்புகள்போல் பளிச்சென்று தெரிந்தன.

அந்த நேரம் பார்த்து வாப்பா வந்துவிட்டார். வாசலில் நின்று, கீழே இருந்த மாமியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் விளக்கு அணைவதுபோல் ஏதோ அணைந்தது.

"ராத்தா," என்றார். "ஒங்களுக்குப் புடிக்கல."

"ஆருக்கு? எனக்கா? நான் கறி கொண்டுவந்த தம்பி."

"வாயால செல்லுங்க ராத்தா. நான் கோவிக்க மாட்டன்."

மாமி துவாயைச் சரிசெய்தார். கண்ணில் ஒரு குறும்பு எழுந்தது.

"நான் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கென்ன கிடக்கு. ஆனா ஒங்கட சம்மந்தி இரிக்காளே, அவள எனக்கு நல்லாத் தெரியும். ஒரு மாதிரியான மனிசி. அவட முதுகுக்கு இது சரிவராது."

வாப்பாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் மீசை துடித்தது.

"அப்பிடியா? அவ முன்னுக்கு வரக்க நல்லா இரிக்கி எண்டுதானே செல்லினா?"

"அவ அப்பிடித்தான். சபையில ஒண்டு செல்லுவா, மனசில ஒண்டு வெச்சிரிப்பா. சரியான கள்ளி."

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன குறையாம் சம்மந்திக்கு?" வாப்பா அறையின் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"குளிர்தான், ஆனா இது ஐஸ் பெட்டிக்குள்ள மீன் கிடக்கிற குளிர் எண்டு செல்லுவா. கடலு இந்தா கிடக்கு, மணல் வராம இரிக்குமா எண்டு கேப்பா. இந்த நிலத்தில ஒவ்வொரு மணலும் கோள் செல்லும், ஒங்கட மகள் கலியாணம் முடிச்ச நாளையில இருந்து தும்புத்தடியோட கூட்டிக் கூட்டியே நிக்கணும். அந்தச் சிவப்புத் துணியப் பத்திக் கேக்கவே வேணா. கச்சான் காத்து அடிக்கக்க அதுக்குள்ள இரிந்தா புதுமாப்பிள்ள அவிஞ்சிருவான்."

"சரி, அந்த மனிசிக்கு எதுதான் புடிக்கும்?"

"நான் எப்பிடிச் செல்லுற? எனக்கென்ன தெரியும்?" மாமி எழும்பினார். ஜன்னலருகே போய் நின்றார். "மழை பேஞ்சி விட்ட உடன கடற்கரை மணல் ஒரு நிறமா இரிக்கும் பாருங்க. மினுங்காது. கொஞ்சம் சொரசொரப்பு. அப்பிடி ஒண்டு கடையில உள்ளறையில இடக்கைப் பக்கம் கிடந்த மாதிரி ஞாபகம். துணி மருதமுனையிலதான் நெய்றாங்களே, லேசா."

"நான் மாத்தினா சம்மந்தி கோவிக்க மாட்டாவா?"

"அவட வாய நான் பாத்துக்கிறன்."

"ஊரு?"

"பக்கத்து வீட்டுக்காரிட பேச்ச எந்த ஊரு கணக்கெடுக்குது தம்பி?"

போகும்போது சட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வந்த வழியே, வாழைகளுக்கு நடுவால் போனார்.

பின்னேரமே வாப்பா பெட்டிகளை லேன்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார். நடந்ததை அவரே பிறகு சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவார். முதலாளி பெட்டிகளைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாராம்:

"ராத்தா கிடந்து பாத்தாவா?"

"ஓம். பக்கத்து வீட்டு ராத்தா."

"சம்மந்தி ராத்தா இல்லயே?"

"சே. அவ வேற ஆள்."

"அப்ப சரி. இறக்குங்க."

சாலையில் பதித்த வெள்ளை அப்படியே கிடந்தது. வாப்பாவின் மனம் பாதி அங்கே பதிந்திருந்தது, அதைக் கழற்ற யாருக்கும் மனமில்லை. வெல்வெட்டை உம்மா வெட்டித் தையல் மெசினுக்கும் தொலைக்காட்சிக்கும் மூடி தைத்தார். பொன்குஞ்சங்களை வாப்பா தன் மோட்டார் சைக்கிள் கைபிடியில் கட்டிக்கொண்டார். மணவறையில் மட்டும், மழை விட்ட கடற்கரை சுவரிலிருந்து சுவர்வரை வந்து படிந்தது. ஜன்னலில் மருதமுனை நெசவு, வெளிறிய நீலத்தில், ஒரு ஆள் உள்ளே வரவா என்று கேட்பதுபோல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் தங்கச்சிக்குப் பயம் தீரவில்லை. தரை மாறிவிட்டது, சரி. நாளைக்கு மாமி எந்த வாசலால் வருவார்?

கலியாணத்தன்று மாமி முன்வாசலால்தான் வந்தார். வேறெப்படி வருவார்? பட்டுச் சேலை, புதுச் செருப்பு, சுற்றிவர அவருடைய சொந்தக்காரப் பெண்கள். சாலையின் வெள்ளைத் தரையில் நேராக நடந்து, மணவறைக்குள் போய் மணப்பெண்ணுக்கு ஸலாம் சொல்லி, நெற்றியில் முத்தம் கொடுத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எதையும் புகழவில்லை. அது போதும் என்று நினைத்துக்கொண்டு பந்தலுக்கு ஓடினேன். சஹன்கள், பெரிய சோற்றுத் தட்டுகள், வரிசையாக வரத் தொடங்கியிருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி ஆட்கள், சத்தம், சிரிப்பு, தண்ணீர்க் கோப்பைகள்.

முதல் சஹன் மாப்பிள்ளையின் உம்மாவுக்கு. வைத்துவிட்டுப் பார்த்தால் ஆளில்லை.

"சம்மந்தி எங்க?" வாப்பாவின் முகம் வெளுத்தது. "ஆரும் ஏதும் செல்லினாங்களா? கோவிச்சிட்டுப் போயிட்டாவா?"

ஒழுங்கைக்கு ஆள் ஓடியது. பந்தலிலும் குசினியிலும் தேடினார்கள். மாப்பிள்ளைகூட மாலையோடு எழும்பி நின்றுவிட்டான். ஒரு பதற்றம் பெண்கள் பக்கமெல்லாம் பரவ, நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணவறைக் கதவைத் தள்ளினேன். எனக்குப் பின்னால் உம்மாவும், உம்மாவுக்குப் பின்னால் பாதி ஊரும்.

தங்கச்சி கட்டிலில் நகைகளோடு அசையாமல் இருந்தாள். அவளுடைய காலடியில் மாமி. புதுச் செருப்பு சுவரோரம் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. பட்டுச் சேலை கசங்கியதைப் பற்றிய கவலையில்லாமல் மணல்நிறத் தரையில் மல்லாந்து கிடந்தார், முகத்தில் முக்காடு. நீலத்திரை எழும்பிவந்து அவருக்கு மேலால் போய்த் திரும்பியது. முக்காடு ஏறி இறங்கியது. அந்தச் சின்னக் குறட்டை.

பின்னால் யாரோ, "இஞ்ச கிடக்கா," என்று கூவத் தொடங்க, மணப்பெண் வளையல் குலுங்காமல் கையைத் தூக்கி, உதட்டில் விரலை வைத்தாள்.

"மெல்லக் கதைங்க," என்றாள், கண்ணெல்லாம் சிரிப்பாக. "மாமிக்கு வீடு புடிச்சிரிக்கி."